நியூயார்க்கில் ஒரு நோய், லண்டனில் இன்னொரு நோய்: ஒரு நோயறிதல் ஆய்வின் முழு விவரம்

1950களின் மருத்துவமனைப் புள்ளிவிவரங்களை எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரமான விஷயம் கண்ணில் படும். அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் முதல்முறையாகச் சேர்க்கப்படுபவர்களில் மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, என்று எழுதப்பட்டவர்கள் ஏராளம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் அந்த விகிதம் குறைவு. ஆனால் அங்கே மேனியா என்னும் அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய் (இன்று நாம் பைபோலார் என்று சொல்வது, கடும் மனச்சோர்வும் அன்று இதே தலைப்பில்தான் வரும்) அமெரிக்காவைவிடப் பல மடங்கு அதிகம். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் புள்ளியியல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மார்ட்டன் கிராமர் 1961இல் இந்த இடைவெளியை மாண்ட்ரியலில் நடந்த உலக மனநல மாநாட்டில் எல்லோர் முன்னாலும் வைத்தார்.

இதற்கு இரண்டே விளக்கங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, இரண்டு நாட்டு மக்களுக்கும் உண்மையாகவே வேறு வேறு நோய்கள் வருகின்றன, அப்படியானால் அது மரபணு, வாழ்க்கை முறை, வறுமை, குடிபெயர்வு என்று எதையெல்லாமோ தோண்டிப் பார்க்க வேண்டிய பெரிய கண்டுபிடிப்பு. இல்லையென்றால், நோயாளிகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான், அவர்களைப் பார்க்கிற மருத்துவர்கள்தான் வேறு வேறு பெயர் வைக்கிறார்கள். பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது உண்மை என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் பதிவேட்டில் இருப்பது மருத்துவர் எழுதிய பெயர் மட்டும்தான்.

இந்தக் கேள்விக்கு விடை தேடிக் கிளம்பியதுதான் அமெரிக்க–பிரிட்டிஷ் நோயறிதல் திட்டம். மனநோய்களின் பரவல் பற்றி எழுதப்படுகிற எதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு ஆய்வைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் கருத்து. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்ன செய்தார்கள்

1960களின் நடுவில் வேலை தொடங்கியது. நியூயார்க்கில் ஜோசப் ஜூபின், பாரி கர்லண்ட். லண்டனில் ஜான் கூப்பர், ராபர்ட் கெண்டல். இவர்களோடு இன்னும் சிலர். முதல் சுற்றில் நியூயார்க்கின் புரூக்ளின் அரசு மருத்துவமனையையும் லண்டனுக்குத் தெற்கே இருந்த நெதர்ன் மருத்துவமனையையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் வரிசையாகச் சேர்க்கப்பட்ட தலா 250 பேர், 20 முதல் 59 வயது வரை. யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை, வந்தவர் வந்தபடி.

இந்த ஆய்வின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மருத்துவமனை மருத்துவர்கள் வழக்கம்போலத் தங்கள் நோயறிதலை எழுதிக்கொண்டார்கள், அதில் யாரும் தலையிடவில்லை. அதே நோயாளியைத் திட்டத்தின் மருத்துவர் ஒருவரும் தனியாகச் சந்தித்து, முன்கூட்டியே எழுதி வைத்த கேள்விகளை வரிசைப்படி கேட்டார். லண்டனில் ஜான் விங் உருவாக்கிய நேர்காணல் முறை அதற்கு அடிப்படை, அதோடு நியூயார்க்கில் ராபர்ட் ஸ்பிட்ஸர் உருவாக்கியிருந்த கேள்விகளும் சேர்ந்துகொண்டன. தூக்கம் எப்படி, காலையில் மனம் எப்படி இருக்கிறது, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா, உங்கள் எண்ணங்களை யாரோ வெளியிலிருந்து கட்டுப்படுத்துவதுபோல் இருக்கிறதா, வழக்கத்தைவிட அதிக உற்சாகமாக இருந்த காலம் உண்டா என்று எல்லா நோயாளிகளிடமும் எல்லாக் கேள்விகளும் கேட்கப்பட்டன. இது சாதாரணமாகத் தோன்றலாம், ஆனால் அன்றைய நடைமுறையில் ஒரு மருத்துவர் தனக்கு எது முக்கியம் என்று படுகிறதோ அதைத்தான் கேட்பார். குரல் கேட்கிறதா என்று கேட்டு ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் மனச்சோர்வைப் பற்றிக் கேட்காமலே முடிவுக்கு வந்துவிடலாம். கேட்காத அறிகுறி பதிவாகாது, பதிவாகாத அறிகுறி அந்த நோயாளிக்கு இல்லாததாகவே ஆகிவிடும்.

இரண்டாவது சுற்றில் ஒரு மருத்துவமனை என்ற குறுகல் நீங்கியது. நியூயார்க் அரசு மருத்துவமனைகள் ஒன்பது, பெருநகர லண்டனில் ஒன்பது, மொத்தம் 366 நோயாளிகள்.

என்ன தெரிந்தது

மருத்துவமனைப் பதிவுப்படி நியூயார்க்கில் சுமார் 62 சதவீதம் பேருக்கு மனச்சிதைவு, லண்டனில் சுமார் 34 சதவீதம். கிராமர் பார்த்த அதே இடைவெளி. திட்டத்தின் மருத்துவர்கள் ஒரே கேள்விகளை வைத்துப் பார்த்தபோது நியூயார்க்கில் 29, லண்டனில் 35. இடைவெளி கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது, இருந்த கொஞ்சமும் எதிர்த்திசைக்குப் போய்விட்டது. மனச்சோர்விலும் இதே கதைதான், நியூயார்க் மருத்துவமனைகள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே கடும் மனச்சோர்வு என்று எழுதியிருக்க, திட்ட மருத்துவர்கள் அதே கூட்டத்தில் சுமார் 20 சதவீதம் பேரிடம் அதைக் கண்டார்கள்.

ஆக, மக்கள் வேறுபடவில்லை. பெயர்கள்தான் வேறுபட்டன.

இதைவிடக் கூர்மையான சாட்சி காணொளிப் பரிசோதனையிலிருந்து வந்தது, 1971இல் வெளியானது. எட்டு நோயாளிகளின் நேர்காணல்களை ஒளிப்பதிவு செய்து, அதே நாடாவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏராளமான மனநல மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டி, இவருக்கு என்ன நோய் என்று எழுதச் சொன்னார்கள். சிலரின் விஷயத்தில் இரண்டு நாட்டு மருத்துவர்களும் ஒத்துப் போனார்கள், அது பாடநூல் மாதிரியான மனச்சிதைவு. ஆனால் 'எஃப்' என்று குறிக்கப்பட்ட நோயாளி, சுமார் முப்பது வயது ஆண், உடல் காரணம் எதுவும் இல்லாமல் கொஞ்ச காலம் ஒரு கை செயலிழந்து போயிருந்தது, மனநிலை ஏறி இறங்கும், குடிப்பழக்கமும் உண்டு. அமெரிக்க மருத்துவர்களில் 69 சதவீதம் பேர் இவருக்கு மனச்சிதைவு என்று எழுதினார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களில் அப்படி எழுதியவர்கள் 2 சதவீதம். பெரும்பாலோர் ஆளுமைக் கோளாறு என்றார்கள்.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே முகம், ஒரே குரல், ஒரே பதில்கள். நோயாளி வேறு, பண்பாடு வேறு, மருத்துவமனை வேறு என்ற சாக்கு எதற்கும் இடமில்லை. மாறியது பார்த்தவரின் பயிற்சி மட்டும்தான்.

ஏன் இப்படி ஆனது

அன்றைய அமெரிக்க மனநல மருத்துவத்தில், குறிப்பாக நியூயார்க்கில், ஃப்ராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வின் பிடி இறுக்கமாக இருந்தது. அறிகுறிக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பதுதான் முக்கியம், அறிகுறியை எண்ணுவது மேலோட்டமான வேலை என்ற எண்ணம். மனச்சிதைவு என்ற கருத்தும் அங்கே விரிந்துகொண்டே போனது. 1949இல் பால் ஹோக், ஃபிலிப் பொலாட்டின் என்ற இரண்டு நியூயார்க் மருத்துவர்கள், வெளியே பதற்றம், பயம் போல மட்டும் தெரிகிற ஆனால் உள்ளே மனச்சிதைவே இருக்கிற ஒரு வகை உண்டு என்று எழுதினார்கள். அதை ஏற்றுக்கொண்டால் யாரை வேண்டுமானாலும் அந்தப் பெட்டிக்குள் போடலாம். லண்டனில் நிலைமை வேறு. மாட்ஸ்லி மருத்துவமனையில் ஆப்ரி லூயிஸின் கீழ் பயின்றவர்கள் ஜெர்மானிய மரபில் வந்த கறாரான விவரிப்புக்குப் பழகியவர்கள். ஜெர்மானிய மனநல மருத்துவர் கர்ட் ஷ்னைடர் சொன்ன குறிப்பிட்ட சில அறிகுறிகள், தன் எண்ணம் பிறருக்குக் கேட்கிறது என்பது, தன்னைப் பற்றிக் குரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போன்றவை, இருந்தால்தான் மனச்சிதைவு என்ற பக்கம் சாய்வார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிற பலர் "லண்டன் சரி, நியூயார்க் தப்பு" என்று முடித்துவிடுகிறார்கள். திட்டத்தின் மருத்துவர்கள் பெரும்பாலும் மாட்ஸ்லி வழியில் பயின்றவர்கள்தான். அவர்கள் கையில் இருந்த அளவுகோல் லண்டனில் செய்யப்பட்டது, அது லண்டன் மருத்துவமனைகளோடு ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. தங்கள் நோயறிதல்தான் உண்மை என்று அந்த ஆய்வாளர்களே உரிமை கொண்டாடவில்லை, இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி அளந்தோம் என்பது மட்டுமே அவர்கள் சொன்னது. ஒரே மாதிரி அளப்பது வேறு, சரியாக அளப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பின்னால் வந்தவர்கள் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றவில்லை என்பது என் வருத்தம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருந்தது. மேனியாவுக்கு லித்தியம் என்ற மருந்து வேலை செய்கிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இலேயே எழுதிவிட்டார், அமெரிக்காவில் அதற்கு 1970இல் ஒப்புதல் கிடைத்தது. மேனியா உள்ள ஒருவருக்கு மனச்சிதைவு என்று எழுதிவிட்டால் லித்தியம் அவரிடம் போய்ச் சேராது, குணமாகும் வாய்ப்பு குறைவு என்று குடும்பத்திடம் சொல்லப்படும், வருடக்கணக்காக வேறு மருந்து ஓடும். மருத்துவர்களின் கருத்து வேறுபாட்டுக்கான விலையை அந்தப் படுக்கையில் இருந்தவர் கொடுத்தார்.

இதன் பிறகு

ஏறத்தாழ அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா, நைஜீரியாவின் இபாடான், கொலம்பியாவின் காலி, பிராக், தைபே உள்பட ஒன்பது இடங்களில் மனச்சிதைவு பற்றிய முன்னோட்ட ஆய்வு ஒன்றை நடத்தியது, சுமார் 1,200 நோயாளிகள். அங்கேயும் இரண்டு மையங்கள் மட்டும் தனித்துத் தெரிந்தன: வாஷிங்டனும் மாஸ்கோவும். அரசியலில் எதிரெதிர்த் துருவங்களாக இருந்த இரண்டு நகரங்களும் மனச்சிதைவின் எல்லையை அகலமாக வரைவதில் ஒன்றாக நின்றன, காரணங்கள் முற்றிலும் வேறு என்றாலும். மற்ற ஏழு இடங்களில், மொழியும் மதமும் வறுமையும் எவ்வளவோ வேறுபட்டும், மருத்துவர்களுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 1972இல் ஒவ்வொரு நோய்க்கும் இன்னின்ன அறிகுறி, இத்தனை காலம் என்று எழுத்தில் நிபந்தனைகள் வகுத்தது. அதே பாதையில் ஸ்பிட்ஸர் தலைமையில் 1980இல் அமெரிக்க நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது, அதாவது டிஎஸ்எம் மூன்று. வட அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளின் பதிவுகளைப் பின்னால் ஒரு குழு எடுத்துப் பார்த்தபோது, 1976இல் 27 சதவீதமாக இருந்த மனச்சிதைவு நோயறிதல் 1989இல் 9 சதவீதமாக இறங்கியிருந்தது. மனச்சோர்வு, பைபோலார் போன்ற மனநிலைக் கோளாறுகள் 1972இல் 10 சதவீதம், 1990இல் 44 சதவீதம். பதின்மூன்று ஆண்டுகளில் மனித மூளை இவ்வளவு மாறிவிடாது, விதிகள் மாறின, லித்தியம் கையில் கிடைத்தது, மருத்துவர்கள் அதற்குப் பொருத்தமான நோயைத் தேட ஆரம்பித்தார்கள்.

மருத்துவமனைக்கு வெளியே எண்ணும்போது

சரி, மருத்துவமனை விஷயம் தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் மருத்துவமனைக்கே வருவதில்லையே, மக்களிடம் நேராகப் போய்க் கேட்டால்?

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் ஐந்து இடங்களில் சுமார் 20,000 பேரிடம் கேட்டார்கள். மருத்துவர்களை அனுப்புவது முடியாத காரியம், அதனால் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் அச்சிட்ட கேள்வித்தாளை வைத்துக் கேட்டார்கள். வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு வந்தவர்கள் 32 சதவீதம் என்று விடை வந்தது. பத்து வருடம் கழித்து ரொனால்ட் கெஸ்லர் குழு 8,098 பேரிடம் கேட்டபோது 48 சதவீதம். மனச்சோர்வு மட்டும் எடுத்தால் முன்னதில் ஐந்து, ஆறு சதவீதம், பின்னதில் 17.

வயது வரம்பு வேறு, கேள்வித்தாள் வேறு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மிகச் சின்னதாகத் தெரிகிற ஒன்று. இந்த மாதிரி நேர்காணலில் "இரண்டு வாரம் தொடர்ந்து சோகமாக இருந்ததுண்டா" என்று ஒரு வாசல் கேள்வி வரும், ஆமாம் என்றால் அதைப் பற்றி இன்னும் இருபது கேள்வி, இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். இரண்டு பகுதி தாண்டுவதற்குள் பதில் சொல்பவருக்கு இது புரிந்துவிடும், சோர்ந்து போனவர் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். கெஸ்லர் குழு எல்லா வாசல் கேள்விகளையும் தூக்கி நேர்காணலின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டது. களைப்பு வருவதற்கு முன்னால், தந்திரம் புரிவதற்கு முன்னால், வாழ்க்கையை நிதானமாக நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டது. எண்ணிக்கை ஏறிவிட்டது.

ஞாபகமும் ஏமாற்றும். நியூசிலாந்தின் டனெடினில் 1972–73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். 18 வயது தொடங்கி 32 வயது வரை அவ்வப்போது கேட்டு எழுதிக்கொண்டதைக் கூட்டினால் மனச்சோர்வு வந்தவர்கள் 41 சதவீதம். ஒரே ஒரு தடவை போய் வாழ்நாள் முழுவதையும் நினைத்துச் சொல்லச் சொல்லும் ஆய்வுகளில் வருவது இதில் பாதிகூட இல்லை. மக்கள் தங்கள் பழைய துயரத்தை மறந்துவிடுகிறார்கள், ஒருவகையில் அது நல்லதுதான், ஆனால் கணக்கில் அது விழுந்து போகிறது.

எதிர்ப்பக்கம் இழுப்பவர்களும் உண்டு. கேள்வித்தாளில் ஆமாம் என்று சொன்ன எல்லோருக்கும் சிகிச்சை தேவையா என்று வில்லியம் நேரோ, டேரல் ரீஜியர் என்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். அறிகுறி அன்றாட வாழ்க்கையைக் கெடுத்ததா, அதற்காக யாரிடமாவது உதவி கேட்டாரா என்ற நிபந்தனையைச் சேர்த்து அந்த இரண்டு கணக்கெடுப்புகளையும் 2002இல் மறுபடி எண்ணியபோது, ஓராண்டில் மனநலக் கோளாறு உள்ள பெரியவர்கள் 30 சதவீதத்தை ஒட்டி இருந்த எண் 18.5 ஆகக் குறைந்தது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. உதவி கேட்பது வசதியையும் துணிச்சலையும் பொறுத்த விஷயம், கேட்காதவருக்கு நோயில்லை என்று சொல்லிவிட முடியாது.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது ஒன்பது கேள்விச் சுயமதிப்பீட்டுத் தாளை ஊர் முழுக்க அனுப்பி, பத்து மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வாங்கியவர்களை எல்லாம் மனச்சோர்வு நோயாளிகள் என்று எண்ணிவிடும் பழக்கம். அந்தத் தாளின் மூல ஆய்வு சொல்வது, நோய் உள்ள 100 பேரில் 88 பேரை அது பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிடும். நல்ல கருவிதான். ஆனால் 1,000 பேரில் உண்மையில் 50 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் அவர்களில் 44 பேரைப் பிடிக்கும். மீதி 950 ஆரோக்கியமானவர்களில் 12 சதவீதம், அதாவது 114 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 158. உண்மையில் 5 சதவீதம், செய்தியில் 16 சதவீதம். யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கு மட்டும் மூன்று மடங்கு. அந்தத் தாள் வடிகட்டி, அதில் சிக்கியவரை உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் நோயறிதல்.

அப்புறம், எழுத்தில் நிபந்தனைகள் வந்த பிறகு மருத்துவர்களுக்குள் ஒற்றுமை வந்துவிட்டதா? மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரம், அதில் சோகம் அல்லது ஆர்வமின்மை கட்டாயம். இந்த விதிப்படி இரண்டு நோயாளிகள் ஒரே ஒரு அறிகுறியை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு ஒரே நோய்ப் பெயர் வாங்க முடியும். கையேட்டின் ஐந்தாம் பதிப்புக்கான களப் பரிசோதனை 2013இல் வெளியானது. இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியைத் தனித்தனியாகப் பார்த்தால் எவ்வளவு ஒத்துப் போகிறார்கள் என்பதைக் கப்பா என்ற அளவில் சொல்வார்கள், 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் குருட்டாம்போக்கு. மனச்சிதைவுக்கு 0.46, பைபோலார் முதல் வகைக்கு 0.56. எல்லோரும் எளிதில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிற மனச்சோர்வுக்கு 0.28.

இன்னும் மூடப்படாத ஒரு பக்கம்

இந்தத் திட்டத்தின் நியூயார்க் தரவை வைத்து 1973இல் இன்னொரு கட்டுரை வந்தது, அதை ஏனோ அதிகம் பேர் பேசுவதில்லை. மருத்துவமனைப் பதிவுகளில் கறுப்பின நோயாளிகளுக்கு மனச்சிதைவு என்றும் வெள்ளையர்களுக்கு மனச்சோர்வு என்றும் எழுதுகிற போக்கு தெளிவாக இருந்தது. திட்ட மருத்துவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டபோது நிறத்துக்கும் நோய்க்கும் தொடர்பே தெரியவில்லை. நாடுகளுக்கு இடையே இருந்த அதே கோணல் ஒரே ஊருக்குள், ஒரே வார்டுக்குள் இருந்திருக்கிறது.

நாடுகளுக்கு இடையிலான கோணல் பெருமளவு சரிசெய்யப்பட்டது. இது சரிசெய்யப்படவில்லை. அமெரிக்க ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வின்படி, வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவருக்கு மனச்சிதைவு என்று எழுதப்படும் வாய்ப்பு சுமார் 2.4 மடங்கு. இனப்பாகுபாடும் வறுமையும் தருகிற மன அழுத்தம் இதில் ஒரு பங்கு என்று சிலர் சொல்வதை நான் மறுக்கவில்லை, அது தனியாக ஆராயப்பட வேண்டியது. ஆனால் மனநிலையைப் பற்றிய கேள்விகள் அந்த நோயாளிகளிடம் முழுமையாகக் கேட்கப்படுகின்றனவா என்பதைச் சோதிக்க வழி 1960களிலேயே தெரிந்துவிட்டது: சேர்க்கையின்போது எல்லோருக்கும் ஒரே நேர்காணல், அதை நடத்தும் மருத்துவர் வார்டு பதிவைப் பார்க்கக் கூடாது, பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். பெரும்பாலான மருத்துவமனைகள் இன்னும் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கவில்லை.